நெருங்கிய பந்தம் எதுவும் இல்லை

"முதல்ல தொட்டது நான்..."

"தொட்டது நீங்களா இருக்கலாம். எடுத்தது நான்!"

அந்தக் கடையின் கடைசித் தட்டில் நிறமே இல்லாத நெயில் பாலிஷ் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதன் கழுத்தை அவள் பிடித்திருந்தாள். அடியை அவன் பிடித்திருந்தான். இரண்டு பேரும் விடுகிற மாதிரி இல்லை. வெளியே சொல்லாமல் கொள்ளாமல் பிடித்துக்கொண்ட மழை... உள்ளே இந்த இழுபறி.

அவளுக்குக் கோபம் வந்தது. வாட்டசாட்டமான ஒரு ஆள். நனைந்த சட்டை. மழித்து இரண்டு நாளான முகம். இவனுக்கு எதற்கு நெயில் பாலிஷ்? வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள். மனைவியாக இருக்கும். அப்படி நினைத்ததும், ஏனென்று தெரியாமல், இன்னும் கொஞ்சம் எரிச்சல் கூடியது.

"உங்க வீட்ல இருக்கறவங்களுக்கு சிவப்பு வாங்கிக் குடுங்க. நீலம் இருக்கு, பச்சை இருக்கு. எனக்கு இது மட்டும்தான் ஆகும்."

"வீட்ல யாரும் இல்லைங்க. எனக்குத்தான்."

அவள் அவன் விரல்களைப் பார்த்தாள். ஒட்ட வெட்டிய நகங்கள். அவன் சிரித்துவிட்டான்.

"நகத்துக்கு இல்ல. ஸ்க்ரூவுக்கு."

"ஸ்க்ரூவுக்கு நெயில் பாலிஷா? ஸ்க்ரூ ஏதாவது கழண்டு போச்சா உங்களுக்கு?"

"கழண்டு போகக் கூடாதுன்னுதான் வாங்கறேன். சின்ன ஸ்க்ரூவை முடுக்கிட்டுத் தலையில ஒரு சொட்டு விட்டா, ஆடாம அசையாம நிக்கும். சரி, உங்களுக்கு என்ன அவசரம்? கல்யாணத்துக்குப் போறீங்களா?"

"இலைக்குப் பூசணும்."

"எதுக்கு?"

"இலைக்கு. மரத்துல இருக்குமே... அந்த இலைக்கு."

அவன் ஒரு நிமிடம் அவளையே பார்த்தான். "மரத்துக்கு நெயில் பாலிஷ் போடறவங்க... என்னைப் பார்த்து ஸ்க்ரூ கழண்டு போச்சான்னு கேக்கறீங்க!"

அவள் சிரிக்கக் கூடாது என்றுதான் உதட்டைக் கடித்தாள். ஆனால் கண் கேட்டால்தானே? அவளுடைய கண்கள் எப்போதும் அவளுக்கு முன்னால் சிரித்துத் தொலைக்கும். அதை அவன் பார்த்துவிட்டான். பார்த்ததும் அவனுடைய பிடி தளர்ந்தது. பாட்டில் அவள் கைக்குப் போனது.

கல்லாவில் இருந்த பெண்மணி எட்டிப் பார்த்தாள். "வாங்கறதா இருந்தா வாங்குங்க. சண்டை போடறதா இருந்தா வெளியில போய்ப் போடுங்க."

பணத்தை அவள் கொடுத்தாள். வெளியே இறங்கினால் மழை விட்டபாடில்லை. கடை வாசலின் தகரக் கூரைக்குக் கீழே இருவரும் ஒண்டிக்கொண்டார்கள். அவன் தன் பையைத் துழாவி, விரல் நீளத்துக்கு ஒரு குட்டி சீசாவை எடுத்தான்.

"பாதி குடுங்க. பாதிக் காசு தரேன்."

காசு வாங்கவில்லை அவள். பாட்டிலை நீட்டினாள். சாரல் முகத்தில் அடிக்க, நூல் மாதிரி இறங்கியது அந்தப் பளபளப்பு. ஒரு துளிகூட வெளியே சிந்தவில்லை. என்ன நிதானமான கை... என்று நினைத்தாள். நினைத்ததை அவன் கேட்டுவிட்டது போல் வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்கப் பேசத் தொடங்கினாள்.

"இலையோட அடிப்பக்கம் பூசிக் காயவிடணும். காஞ்சதும் டேப் ஒட்டி உரிச்சா, இலையோட அச்சு அப்படியே வந்துடும். மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பார்த்தா குட்டிக் குட்டியா வாய் தெரியும். ஆயிரக்கணக்குல."

"இலைக்கு வாயா?"

"ஆமா. அது வழியாத்தான் மூச்சு விடும். வெயில் ஏறினா மூடிக்கும். எந்த மரம் எப்போ மூடுது, எவ்வளவு நேரம் தாங்குதுன்னு பார்க்கறதுதான் என் வேலை."

"பரவாயில்லையே... மூட வேண்டிய நேரத்துல வாயை மூடத் தெரியுது. எனக்கெல்லாம் தெரியாது," என்றான் அவன்.

பஸ் வந்தது. அவன் ஏறிவிட்டான். பெயர் கேட்கவில்லையே என்பது அவளுக்கு, பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் உறைத்தது. பாதி காலியான பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, மழை விட்ட பிறகும் அங்கேயே நின்றாள்.

அடுத்த வாரம் அவளுடைய மைக்ராஸ்கோப் பழுதானது. குமிழைத் திருகினால் வழுக்கியது. பல்கலைக்கழகத்தில் முற்றத்துக்கு அந்தப் பக்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கருவிக்கூடம் இருக்கிறது, புதிதாக வந்திருக்கும் விஞ்ஞானி கெட்டிக்காரன், அவனிடம் கொடு என்றார்கள். கைக்குழந்தையை ஏந்துவது போல் அதை ஏந்திக்கொண்டு படி இறங்கி, முழங்கையால் கதவைத் தள்ளினாள்.

"வாங்க இலை டாக்டர்," என்றது குரல்.

மேஜையில் அந்தக் குட்டி சீசா. அதற்குப் பின்னால் அந்தச் சிரிப்பு...

"திருகாணி!" என்றாள் வாய் தவறி. அன்றிலிருந்து அவனுக்கு அதுதான் பெயர்.

பழுதைச் சரிசெய்தான். அத்தோடு விட்டானா? சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற அளவில் ஒரு மைக்ராஸ்கோப்பே செய்து கொண்டுவந்து கொடுத்தான். இனி அச்சை எடுத்து அறைக்கு ஓட வேண்டாம், மரத்தடியிலேயே பார்க்கலாம் என்றான். அதைச் சோதிக்கிற சாக்கில் அவளோடு தெருத் தெருவாக வந்தான். பஸ் நிறுத்தத்து மரம், பள்ளிக்கூடத்துச் சுவரோர மரம், மருத்துவமனை வாசலில் பாதி வெட்டிய மரம்... எல்லா மரத்துக்கும் அவள் ஒரு செல்லப்பெயர் வைத்திருந்தாள்.

பூச்சு காய்கிறவரை இலை அசையக் கூடாது. அசைந்தால் அச்சு கலைந்துவிடும். அதனால் அவள் பூசுவாள், அவன் காம்பைப் பிடித்துக்கொள்வான். மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு, இரண்டு விரலால், நோகாமல் பிடிப்பான்.

"காஞ்சிடுச்சா?"

"இன்னும் கொஞ்சம்... அசைக்காதீங்க."

காய்ந்து வெகுநேரம் ஆகியிருக்கும். அது அவளுக்கும் தெரியும். இலையைப் பார்க்கிற மாதிரி அவள் அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனோ இலையைப் பார்க்கிற மாதிரிகூட நடிக்கவில்லை. அவள் நிமிரும்போதெல்லாம் அவன் பார்வை அவள் கண்ணில்தான் இருந்தது. மாட்டிக்கொண்டதும் மரத்தின் உச்சியைப் பார்த்து, "நல்ல மரம்," என்பான்.

அந்த நாட்களில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. நகரம் முழுக்க எந்தத் தெருவில் எந்த மரம் வரப்போகும் வெயிலைத் தாங்கும் என்று ஒரு வரைபடம். அவளுடைய இலைகள், அவனுடைய கருவி. அரசு ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். ஒரே மூச்சில் எழுதி முடித்து, நிதி அலுவலகத்துக்கு ஓடினாள்.

அங்கே இருந்தவளுக்கு ஊர் முழுக்க விதிமுறை அக்கா என்று பெயர். முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்பது அவளுக்கும் தெரியும். கோபித்துக்கொள்ள மாட்டாள். விதிமுறை என்றால் அவளுக்கு மனப்பாடம், அதில் ஒரு பெருமையும் உண்டு. கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு முழுவதையும் படித்தாள்.

"பிரமாதமா எழுதியிருக்கே. ஆனா முதல் பேர் உன்னுதா இருக்க முடியாதும்மா."

"ஏன் அக்கா?"

"முதல் விண்ணப்பதாரருக்குக் குடியுரிமை இருக்கணும். இல்லைன்னா பி.ஆர்., அதான் நிரந்தரமாத் தங்கற உரிமை, இருக்கணும். விண்ணப்பம் மூடற அன்னிக்கு."

"பி.ஆருக்குப் போட்டிருக்கேனே அக்கா. பரிசீலனையில இருக்கு."

"பரிசீலனையில இருக்கறது கையில இருக்கறது ஆகாதே..." என்றாள் விதிமுறை அக்கா. அவள் அதைக் கறாராகச் சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். பாவம் பார்த்துச் சொன்னாள். பாவம் பார்ப்பவளோடு எப்படிச் சண்டை போடுவது?

அவள் வெளிநாட்டுக்காரி, இந்த நாட்டில் தற்காலிக வேலை அனுமதியில் இருந்தாள். அந்த அனுமதி வேலையோடு கட்டிய முடிச்சு. வேலையோ அவளுடைய பேராசிரியரின் பழைய நிதியோடு கட்டிய முடிச்சு. அந்த நிதி இந்தக் கல்வியாண்டோடு தீர்கிறது. புதிய நிதி வந்தால் அவள் இருப்பாள். இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்டு எப்போதோ போட்ட மனுவைத் தினமும் காலையில் இணையத்தில் திறந்து பார்ப்பாள். பரிசீலனையில் உள்ளது... பரிசீலனையில் உள்ளது... காலையில் சாமி கும்பிடுவது போல அது அவளுக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

கருவிக்கூடத்துக்குப் போய்க் கொட்டித் தீர்த்தாள். "நான் அச்சு எடுக்கற மரத்துல பாதி எங்கெங்கேயோ இருந்து கொண்டுவந்து நட்டது. அதுங்ககிட்ட யாராவது பேப்பர் கேட்டாங்களா?"

அவன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். அவனிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"என் பேரை முதல்ல போட்டுக்கலாம். அதுக்கு விதி இடம் குடுக்குது. நீங்க கூட வேலை செய்யறவங்களா வரலாம். சம்பளம் அந்த நிதியில இருந்தே வரும். பர்மிட்டையும் நீட்டிக்கலாம்."

நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் அவளுக்குச் சுருக்கென்றது.

"நான் பெத்த புள்ளைக்கு உங்க இனிஷியலைப் போடணுமா?"

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. அவன் காது மடல் சிவந்தது. அவள் முகம் அதைவிடச் சிவந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேஜைமேல் கிடந்த ஒரு ஸ்க்ரூவை மிகுந்த அக்கறையோடு பார்த்தார்கள்.

"அந்த அர்த்தத்துல சொல்லல..." என்றாள்.

"எந்த அர்த்தத்துலயும் எடுத்துக்கல..." என்றான்.

இரண்டும் பொய்.

வேறு வழி இல்லை. சம்மதித்தாள். விண்ணப்பத்தில் அவன் பெயர் மேலே ஏறியது, அவள் பெயர் கீழே இறங்கியது. வீட்டுக்குப் போனில் பேசும்போது அம்மா கேட்டாள். "என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு? சளியா?" ஆமாம் சளிதான் என்றாள். அம்மாவிடம் என்னவென்று சொல்வது? கௌரவம் போனதென்றா, மனது போனதென்றா? முதலாவதைவிட இரண்டாவதுதான் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அந்த ரோஸ் நிற நெயில் பாலிஷ் வந்தது.

ஒரு நாள் காலை அவள் மேஜையில் இருந்தது அது. லென்ஸ் துடைக்கிற மெல்லிய காகிதத்தில் மடித்து வைத்திருந்தது. அந்தக் காகிதம் இந்தப் பல்கலைக்கழகத்தில் கருவிக்கூடத்தில்தான் கிடைக்கும். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் நெஞ்சு படபடத்திருக்கும். ஆனால் அன்று அவளுடைய நிறமற்ற பூச்சு தீர்ந்துபோயிருந்தது. பறித்து வந்த இலைகள் வாடிக்கொண்டிருந்தன. நல்ல வேளை, திருகாணி ஆள் அறிந்து அனுப்பியிருக்கிறான் என்று நினைத்து, திறந்து, மருத்துவமனை மரத்து இலைகள் அத்தனைக்கும் பூசித் தள்ளிவிட்டாள்!

மத்தியானம் அவன் ஒரு தினுசாகத் தயங்கிக்கொண்டு வந்தான். சட்டையை இஸ்திரி போட்டிருந்தான். கதவருகே நின்றான்.

"மேஜைல... ஒண்ணு வெச்சிருந்தேன்..."

"பார்த்தேன் பார்த்தேன்! அருமையா இருக்கு!"

அவன் முகம் விளக்குப் போட்டது போல் ஆனது.

"ரோஸ் கலர்ல வாயோட ஓரமெல்லாம் இன்னும் பளிச்சுன்னு தெரியுது. இங்க வந்து பாருங்க. இதே மாதிரி இன்னும் நாலு வாங்கித் தரீங்களா? பில்லையும் குடுங்க, ஆய்வுக்கூடச் செலவுல எழுதிடலாம்."

அவன் குனிந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தான். ரோஜா நிறத்தில் ஆயிரம் குட்டி வாய்கள். ஒன்றுகூட அவனிடம் எதுவும் சொல்லவில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றான். "வாங்கித் தரேன்."

எந்தக் கலர் அவள் கைக்குப் பொருந்தும் என்று கடை கடையாக ஏறி இறங்கி, விற்கிற பெண்களெல்லாம் சிரிக்கச் சிரிக்க வாங்கியது அது. சரி... இதுவும் ஒரு பதில்தான், என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். மறுநாள் நாலு பாட்டில் வாங்கிவந்து வைத்தான். பில் கேட்டபோது தொலைந்துபோயிற்று என்றான்.

விண்ணப்பம் மூடுவதற்கு ஒரு வாரம் இருக்கையில் விதிமுறை அக்கா இரண்டு பேரையும் கூப்பிட்டாள்.

"ஒரு உறுதிமொழி பாக்கி. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். 'எங்களுக்குள் நெருங்கிய பந்தம் எதுவும் இல்லை.' முதல் பேர்ல இருக்கறவர் தன்னோட ஆளுக்குச் சம்பளம் போட்டுக்கக் கூடாது பாரு, அதுக்காக. சொந்தம், கல்யாணம், காதல் எல்லாமே இதுல அடக்கம். நிதி ஓடற மூணு வருஷத்துல அப்படி ஏதாவது முளைச்சாலும் உடனே தெரிவிக்கணும். தெரிவிச்சா சம்பளம் நின்னுடும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "உங்களுக்கு எதுக்கு அந்தக் கவலை! ஒருத்தருக்கு இலை, ஒருத்தருக்கு ஸ்க்ரூ."

அவள் உடனே பேனாவை எடுத்தாள். நிமிரவே இல்லை. ஒருவரும் எதுவும் சொல்லவில்லையே? சொல்லாத வரைக்கும் இல்லைதானே? கையெழுத்து லேசாகக் கோணியது. அவன் என்ன செய்கிறான் என்று ஓரக்கண்ணால் பார்த்தாள்.

அவன் தன் தாளை மடித்துப் பையில் வைத்தான். "படிச்சுப் பார்த்துட்டுப் போடறேன்," என்றான்.

அதற்குப் பிறகு அவன் மரத்தடிக்கு வரவில்லை.

கேட்டால் வேலை இருக்கிறது என்றான். வழியில் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அவள் தனியாகவே போனாள். ஒரு கையால் காம்பைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பூசினாள். இலை ஆடியது. அச்சு கலைந்தது. பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவன் செய்து கொடுத்த குட்டிக் கருவியைக் கண்ணில் வைத்தால் ஒன்றும் தெரியவில்லை... கண்ணுக்குள் தண்ணீர் நின்றால் எந்தக் கருவியில்தான் என்ன தெரியும்?

அவனுக்கு விருப்பம் இல்லாமல் போயிருக்கும். இரவல் பெயர் கேட்டு வந்தவளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் ஒதுங்குகிறான். அப்படித்தான் நினைத்தாள். நினைத்துக்கொண்டே, படிகளில் காலடிச் சத்தம் கேட்டால் கதவைப் பார்த்தாள். மழை வந்தால் அந்தத் தகரக் கூரை ஞாபகம் வந்தது. அந்த வாரம் பார்த்து மழை தினமும் வந்து தொலைத்தது.

கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். நாலு மணிக்கு விதிமுறை அக்காவே மூச்சு வாங்கப் படியேறி அவள் அறைக்கு வந்துவிட்டாள்.

"எங்கேம்மா உன் கூட்டாளி? அவர் கையெழுத்து இன்னும் வரல. போன் பண்ணா 'யோசிக்கறேன்'கறார். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"தெரியல அக்கா..."

அக்காவின் பார்வை அலமாரிக்குப் போனது. அங்கே வரிசையாக ரோஸ் பாட்டில்கள். முதலில் வந்தது முக்கால் காலியாகி, இன்னும் அந்த மெல்லிய காகிதத்தின்மேல் உட்கார்ந்திருந்தது.

"நல்ல கலரா இருக்கே! நீ இதெல்லாம்கூடப் போடுவியா? யார் வாங்கிக் குடுத்தது?"

"எனக்கில்ல அக்கா, இலைக்கு. கருவிக்கூடத்துல இருந்து அனுப்பினாங்க. அவருக்கும் ஸ்க்ரூ முடுக்க இது வேணும். எப்பவும் வாங்கி வெச்சிருப்பார்."

விதிமுறை அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கினாள்.

"ஸ்க்ரூவுக்கு... ரோஸ் கலரா?"

அவ்வளவுதான். அவள் திரும்பி அந்தப் பாட்டிலைப் பார்த்தாள். ஸ்க்ரூவுக்கு நிறமற்றதுதான் வாங்குவான். இலைக்கும் நிறமற்றதுதான் வேண்டும் என்று அவனுக்கு முதல் நாளே தெரியும்... கடையில் சண்டை போட்டதே அதற்குத்தானே? தெரிந்த ஒருவன் ரோஸ் ஏன் வாங்குகிறான்? மடித்து ஏன் வைக்கிறான்? இஸ்திரி போட்ட சட்டையோடு ஏன் கதவருகே வந்து நிற்கிறான்?

"ஐயோ... நான் பில் கேட்டேனே அக்கா!"

அக்கா அவளையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். "நான் எதையும் பார்க்கல," என்று எழுந்தாள். "அஞ்சு மணிக்கு மூடிடும். அதுக்குள்ள ஏதாவது ஒண்ணு எனக்கு வரணும். ஆமான்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி."

கதவு சாத்திக்கொண்டது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? உட்கார்ந்து நகத்துக்குப் பாலிஷ் பூசினாள்! மிச்சம் இருந்த முதல் பாட்டிலில் இருந்துதான். இலையில் இம்மி பிசகாமல் பூசுகிற அந்தக் கை, தன் விரலில் கண்டபடி ஈஷி வைத்தது. காயக்கூட விடாமல், பத்து விரலையும் விரித்துக்கொண்டு ஓடினாள். கருவிக்கூடத்துக்குப் போக முற்றத்தைக் கடக்க வேண்டும். மழை. விரல்களை மார்போடு மறைத்துக்கொண்டு நனைந்துகொண்டே ஓடினாள்.

அவன் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான். மடித்த தாள் பிரிக்காமல் எதிரே கிடந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"கையெழுத்து வாங்க வந்தீங்களா?"

"இல்ல."

இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்தாள். அவன் குனிந்து பார்த்தான். கையில் இருந்த திருப்புளி நழுவி உருண்டு எங்கேயோ போனது. அவன் அதைத் தேடவில்லை.

"சரியாப் பூசல..." என்றான்.

"பழக்கம் இல்ல. இலைக்குத்தான் பழக்கம்." அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "இவ்வளவு நாளா எனக்கு விளங்கலையே... சரியான மண்டு நான். நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? பிடிக்காததாலதான் இலைக்குப் பூசிட்டீங்கன்னு நினைச்சேன். சரி, பேசாம இருந்துடலாம்னு பார்த்தேன். அப்புறம் இந்தத் தாள் வந்துச்சு. நீங்க டக்குன்னு போட்டுட்டீங்க. எனக்குக் கை வரல. உங்களுக்கு இல்லாம இருக்கலாம்... எனக்கு இருக்கே. கடை வாசல்ல பாட்டிலை நீட்டினீங்க பாருங்க, அன்னிலேருந்து இருக்கு. இல்லைன்னு எப்படி எழுதறது?"

"அப்போ போடாதீங்க."

"போடலைன்னா உங்க வேலை? பர்மிட்? தினமும் பேனாவை எடுத்து எடுத்து வெச்சுட்டேன். போட்டா மூணு வருஷம் உங்க எதிர்ல வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கணும். போடலைன்னா நீங்க ஊருக்கே போயிடுவீங்க. எதைச் செஞ்சாலும் தப்பா இருக்கு." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "கல்யாணம் பண்ணிக்கிட்டா உங்களுக்கே உரிமை வந்துடும்னு ஒரு நாள் தோணுச்சு. அதைச் சொல்லவே கேவலமா இருந்துச்சு."

"நல்ல வேளை. சொல்லியிருந்தா கன்னத்துல ஒண்ணு விட்டிருப்பேன்."

"தெரியும்."

"உங்களைப் பிடிச்சதுக்கு யாரும் முத்திரை குத்தித் தர வேண்டாம் எனக்கு." சொல்லிவிட்டாள்! அப்பாடா... இத்தனை நாள் பாரம் இறங்கியது போல் இருந்தது. "நான் போட்டது பொய்க் கையெழுத்து. இப்பவே வாபஸ் வாங்கப் போறேன். எந்த மரம் வெயில்ல வாயை மூடிக் கிடந்து தாங்கும்னு கணக்கு எடுக்கறவ நான். அந்த மரமெல்லாம்கூடச் சாயங்காலம் தொறந்துடுது. மூணு வருஷம் நம்மால ஆகாது."

"அப்போ... போயிடுவீங்களா?"

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"எங்க நாட்டுலயும் அரசு நிதி இருக்கு. அங்க நான் முதல் பேர் போடலாம். என் மரம், என் யோசனை, என் இனிஷியல். கிடைக்குமான்னு தெரியாது. ஆனா கேக்கறதுக்காவது தகுதி இருக்கு."

"அங்க எனக்கு என்ன தகுதி?"

"உங்களுக்கா? அங்க நீங்க வெளியாள். முதல் பேர் போட விடமாட்டாங்க. பி.ஆர். கேட்டு வரிசைல நிக்கணும். பரிசீலனையில உள்ளது, பரிசீலனையில உள்ளதுன்னு வருஷக்கணக்காச் சொல்வாங்க. நான் கூட்டு சேர்த்தாலும் இதே கேள்வியைக் கேப்பாங்க. ஆமான்னு எழுதினா சம்பளம் கிடையாது."

"சம்பளம் இல்லாம ஸ்க்ரூ முடுக்கறேன்," என்றான் அவன். "வரிசைல நிக்கறேன். நீ முன்னாடி போ. நான் வரேன்."

நீ... முதல் தடவையாக நீ என்றான். அவளுக்கு உள்ளங்கால் வரைக்கும் அது இறங்கியது. எத்தனை மாதம் ஆகும், எத்தனை மழை தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும் என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள்.

"அசைக்காதே," என்றான். அவள் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்து மேஜைமேலேயே வைத்தான். "இன்னும் காயல. கலைஞ்சிடும்."

அப்போதுதான் அவன் கைபேசி அடித்தது. இன்னொரு கையால் அதை அழுத்தி மேஜைமேல் வைத்தான். விதிமுறை அக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"என்னப்பா, மணி அஞ்சாகப் போகுது. பந்தம் எதுவும் இல்லைன்னு போட்டுடலாமா?"

"இல்லைன்னு போடாதீங்க அக்கா. ஆமான்னு போடுங்க. விண்ணப்பத்தையும் வாபஸ் வாங்கிக்கறோம்."

மறுமுனையில் தொண்டையைச் செருமிக்கொள்கிற சத்தம். "ஆமான்னு போட்டா என்ன பந்தம்னு விவரம் எழுதணும். அது விதி. என்னன்னு எழுதட்டும்?"

அவன் வாயைத் திறந்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"எனக்கு இவர்தான்... அப்படின்னு எழுதிக்கங்க அக்கா."

தட்டச்சு செய்கிற சத்தம் மெல்லக் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக. அவளுடைய கண்ணீர் தானாகவே கன்னத்தில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. கை அவனிடம் இருந்தது. மரத்தடியில் இலையைப் பிடிப்பது போலவே, நோகாமல் பிடித்துக்கொண்டு நின்றான். நகப்பூச்சு காய்ந்தது. காய்ந்த பிறகும் அவன் விடவில்லை.